ரோபோ சொல்கிறது, லேப்டாப்புக்குக் கேட்கவில்லை: வைஃபையில் தொலையும் டீபக் செய்திகளைத் தேடிப் பிடிப்பது எப்படி

ரோபோ ஓடிக்கொண்டிருக்கும், லேப்டாப் திரையில் லாக் வரிகள் (தான் என்ன செய்கிறேன் என்று ரோபோ வைஃபையில் அனுப்பும் டீபக் செய்திகள்) வந்துகொண்டே இருக்கும், திடீரென்று நடுவில் நாலு வரி காணாமல் போயிருக்கும். சில நாள் ஒரு வரிகூட வராது. சில நாள் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டு, நமக்குத் தேவையான அந்த ஒரே வரி மட்டும் இருக்காது. இதை எத்தனை தடவை சரிசெய்திருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. முதலில் எல்லாரும் வைஃபையைத்தான் திட்டுவார்கள், நானும் அப்படித்தான். தோண்டிப் பார்த்தால் பல தடவை வைஃபைமேல் தப்பே இருக்காது.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் ரோபோவில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள், மற்றதெல்லாம் அதை நம்பித்தான் நிற்கிறது.

எதையும் தொடும் முன்: செய்திக்கு வரிசை எண் போடுங்கள்

ஒரு லாக் செய்தி மூன்று இடங்களில் தொலையலாம்: ரோபோவுக்குள்ளேயே, காற்றில், இல்லையென்றால் லேப்டாப்புக்குள். எங்கே என்று தெரியாமல் ஆண்டெனா மாற்றுவது, ரவுட்டர் மாற்றுவது எல்லாம் காசும் நேரமும் போகிற வேலை.

லாக் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே ஒரு கவுண்டரைக் கூட்டி அந்த எண்ணைச் செய்தியின் தலையில் ஒட்டுங்கள். அனுப்பும் ஃபங்ஷனில் அல்ல, செய்தி பிறக்கும் இடத்தில். அப்புறம் வினாடிக்கு ஒருமுறை ஒரு தனிச் செய்தி: இதுவரை உருவானவை இத்தனை, அனுப்பியவை இத்தனை, அனுப்பும்போது பிழை வந்தவை இத்தனை. லேப்டாப் பக்கம் எண் தாவினால் சிவப்பில் காட்டச் சொல்லுங்கள். மொத்தமே இருபது வரி கோட்தான்.

இனி படிப்பது சுலபம். உருவானதைவிட அனுப்பியது குறைவு என்றால் ரோபோவுக்குள் தொலைகிறது. இரண்டும் சமம், ஆனால் லேப்டாப்பில் 4127க்கு அடுத்து 4131 வருகிறது என்றால் காற்று அல்லது லேப்டாப். எண் திடீரென்று 0க்குத் திரும்பினால் ரோபோ ரீபூட் ஆகியிருக்கிறது, நேராக அறிகுறி 6க்குப் போங்கள். எண்கள் ஒன்றுவிடாமல் வரிசையாக வருகின்றன, எதிர்பார்த்த வரி மட்டும் இல்லை என்றால் அது தொலையவே இல்லை, பிறக்கவே இல்லை. லாக் லெவலைப் பாருங்கள், அல்லது அந்த இஃப் பிளாக்குக்குள் கோட் போகவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. இரண்டு மூன்று த்ரெட்டில் இருந்து லாக் எழுதினால் கவுண்டரை அட்டாமிக்காக, அதாவது இரண்டு த்ரெட் ஒரே எண்ணை எடுத்துவிடாதபடி வையுங்கள். நான் அதை மறந்துவிட்டு, ஒரே எண் இரண்டு தடவை வந்ததைப் பார்த்து ‘பாக்கெட் டூப்ளிகேட் ஆகிறது’ என்று ஒரு மதியம் முழுக்க ரவுட்டரை நோண்டிக்கொண்டிருந்தேன்.

அறிகுறி 1: ஒரு செய்திகூட வரவில்லை

முதலில் லேப்டாப் எந்த வைஃபையில் இருக்கிறது என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். ரோபோவின் நெட்வொர்க்கில் இணையம் இருக்காது, அதனால் சில லேப்டாப்புகள் சத்தமில்லாமல் பழைய பழகிய வைஃபைக்குத் தாவிவிடும். அந்தப் பழைய வைஃபைக்கு ஆட்டோ கனெக்ட்டை எடுத்துவிடுங்கள்.

அடுத்து பிங், அதாவது ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சின்னச் சோதனை. ரோபோவுக்குப் பிங் போகிறதா, ரோபோ அனுப்பும் ஐபி முகவரி இன்றைக்கு லேப்டாப்புக்கு இருக்கும் முகவரிதானா? கோடில் எழுதி வைத்த முகவரி போன வாரத்தினுடையது, டிஹெச்சிபி (கருவிகளுக்கு முகவரி ஒதுக்கும் வசதி) இன்று வேறு கொடுத்திருக்கும். லேப்டாப்புக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கிவிட்டால் இந்தத் தலைவலி தீரும்.

பெறும் புரோகிராம் 127.0.0.1இல் (லேப்டாப் தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் முகவரி) காது வைத்திருந்தால் வெளியிலிருந்து எதுவும் விழாது, 0.0.0.0 ஆக மாற்றுங்கள். போன தடவை ஓட்டிய அதே புரோகிராம் பின்னணியில் சாகாமல் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இதுவரை எல்லாம் சரி என்றால் லேப்டாப்பில் வயர்ஷார்க் (வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் புரோகிராம்) திறந்து அந்த போர்ட்டை ஃபில்டர் செய்யுங்கள். இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது.

வயர்ஷார்க்கில் பாக்கெட் தெரிகிறது, புரோகிராமுக்கு வரவில்லை: ஃபயர்வால். வயர்ஷார்க் பாக்கெட்டைப் பிடிப்பது ஃபயர்வாலுக்கு முன்னால், அதனால் அங்கே தெரிந்து இங்கே இல்லையென்றால் வேறு யாரையும் சந்தேகப்பட வேண்டாம். விண்டோஸ் புதிய நெட்வொர்க்கை ‘பப்ளிக்’ என்று குறித்துக்கொண்டு உள்ளே வரும் யூடிபியை (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் பாக்கெட் அனுப்பும் முறை) தடுத்துவிடும். அதைப் பிரைவேட் ஆக்கிப் பெறும் புரோகிராமுக்கு அனுமதி கொடுங்கள், அல்லது அந்த போர்ட்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஃபயர்வாலை மொத்தமாக அணைத்து ஒரு நிமிடம் சோதிக்கலாம், அப்படியே விட்டுவிடாதீர்கள்.

வயர்ஷார்க்கிலும் இல்லை: ரவுட்டருக்குப் பிங் போகிறது, ரோபோவுக்குப் போகவில்லை என்றால் கிளையன்ட் ஐசோலேஷன் ஆன் ஆகியிருக்கலாம். விருந்தினருக்கான வைஃபையில் இது பெரும்பாலும் ஆன்தான், ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாது. உங்கள் சொந்த ரவுட்டர் என்றால் அணைத்துவிடலாம். அலுவலகத்திலோ கல்லூரியிலோ வேறு யாரோ பராமரிக்கும் நெட்வொர்க் என்றால் நிர்வாகியைக் கூப்பிடுங்கள், அல்லது ரோபோவுக்கென்று ஒரு சின்ன ரவுட்டரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் செய்கிறேன், அனுமதிக்காகக் காத்திருப்பதைவிட அது வேகமாக முடியும்.

ராஸ் 2 (ரோபோக்களுக்கான மென்பொருள் தொகுப்பு) பயன்படுத்துபவர்களுக்கு: டாபிக் பெயர் தெரிகிறது, செய்தி மட்டும் வரவில்லை

இது காற்றின் பிரச்சினையே இல்லை. அனுப்புபவர் ‘பெஸ்ட் எஃபர்ட்’ (தொலைந்தால் போகட்டும்) என்றும் கேட்பவர் ‘ரிலையபிள்’ (தொலையவே கூடாது) என்றும் வைத்திருந்தால் இருவருக்கும் ஒத்துப்போகாது, ஒரு செய்தியும் வராது, பெயர் மட்டும் பட்டியலில் அழகாக நிற்கும். கேட்பவரைப் பெஸ்ட் எஃபர்ட் ஆக்குங்கள். டாபிக் பெயரே தெரியவில்லை என்றால் டொமைன் ஐடி இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள், அதுவும் சரியென்றால் ரவுட்டர் மல்டிகாஸ்ட்டை (ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குப் போகும் பாக்கெட்டுகளை) விழுங்குகிறது.

அறிகுறி 2: ரோபோ பூட் ஆனதும் வரும் முதல் சில வரிகள் மட்டும் காணோம்

வைஃபை இணையும் முன்பே லாக் எழுத ஆரம்பித்திருப்பீர்கள். இணைந்த பிறகும் முதல் பாக்கெட்டுக்கு ஏஆர்பி பதில் (அந்த ஐபி முகவரி எந்தக் கருவியுடையது என்ற பதில்) வர வேண்டும், அதுவரை சிறிய கண்ட்ரோலர்களின் நெட்வொர்க் ஸ்டாக் ஒன்றே ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிந்துவிடும். நினைவகத்தில் சில கிலோபைட் வளையப் பஃபர் (நிரம்பினால் பழையதன்மேல் எழுதும் இடம்) வைத்து, இணைப்பு வந்து முதல் செய்திக்கு லேப்டாப்பிலிருந்து பதில் கிடைத்த பிறகு மொத்தத்தையும் அனுப்புங்கள். முடிந்தது.

அறிகுறி 3: நடுநடுவே விடுபடுகிறது

அதிகம் வருவது இதுதான், காரணங்களும் அதிகம். செலவில்லாததில் இருந்து போவோம்.

முதல் சந்தேகம், அளவுக்கு மீறிப் பேசுகிறீர்கள். கண்ட்ரோல் லூப் வினாடிக்கு 1000 தடவை ஓடுகிறது, அதற்குள் ஒரு லாக் வரி இருக்கிறது, அப்படியென்றால் வினாடிக்கு 1000 பாக்கெட். வைஃபையில் 40 பைட் அனுப்பினாலும் 1400 பைட் அனுப்பினாலும், காற்றைப் பிடிக்கக் காத்திருப்பது, தலைப்பகுதி, ஒப்புகை என்று பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஒரு நிலையான செலவு உண்டு. குட்டிக் குட்டியாக ஆயிரம் அனுப்புவதைவிட, சேர்த்து வைத்து 20 மில்லி வினாடிக்கு ஒருமுறை ஒரே பாக்கெட்டாக அனுப்புவது எவ்வளவோ மேல். சோதனை: லாக்கைப் பத்தில் ஒன்றாகக் குறையுங்கள். விடுபடுவது நின்றால் இதுதான் காரணம், ரவுட்டர் வாங்கும் யோசனையை மடித்து வையுங்கள்.

இரண்டாவது, அனுப்பும் ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பை யாரும் பார்ப்பதில்லை. ஈஎஸ்பி32 என்ற சிறிய வைஃபை கண்ட்ரோலரில் அனுப்பும் பஃபர் நிரம்பிவிட்டால் பிழை எண் 12, அதாவது நினைவகம் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லும். நாம் அதைக் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அந்த வினாடிச் செய்தியில் பிழை எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஆனால் பிழை இல்லை என்பதாலேயே போய்ச் சேர்ந்தது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. யூடிபியில் ‘அனுப்பிவிட்டேன்’ என்றால் நெட்வொர்க் ஸ்டாக் வாங்கி வைத்துக்கொண்டது என்று மட்டும்தான் அர்த்தம்.

மூன்றாவது, பிராட்காஸ்ட். யார் வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று 255இல் முடியும் முகவரிக்கு அனுப்புவது வசதிதான். ஆனால் ஆக்சஸ் பாயிண்டிலிருந்து (வைஃபை பரப்பும் கருவி, வீட்டில் ரவுட்டரே அதுதான்) வெளியே போகும் பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட் பாக்கெட்டுகளுக்கு ஒப்புகை கிடையாது, தொலைந்தால் மறுபடி அனுப்புவதும் கிடையாது. அதோடு குறைந்த வேகத்தில்தான் போகும், 2.4 கிகாஹெர்ட்ஸில் பல ரவுட்டர்களில் வினாடிக்கு 1 மெகாபிட். லேப்டாப்பின் முகவரிக்கே நேராக அனுப்பிப் பாருங்கள். இந்த ஒரு மாற்றத்தில் மட்டும் பிரச்சினை தீர்ந்ததை நான் பல தடவை பார்த்திருக்கிறேன், ஒரு வரி மாற்றம், ஒரு பைசா செலவில்லை.

நான்காவது, லேப்டாப்புக்குள் தொலைவது. பெறும் புரோகிராம் ஒவ்வொரு செய்தியையும் திரையில் அச்சிட்டு, கலர் போட்டு, ஃபைலில் எழுதி, வரைபடமும் வரைந்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கப் போகிறது என்றால், அதற்குள் சாக்கெட் பஃபர் நிரம்பி வழிந்துவிடும். லினக்ஸில் அந்தப் பஃபர் வழக்கமாக 212992 பைட், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கெர்னல் சேர்க்கும் மேல்செலவும் இதிலேயே கழியும். நெட்ஸ்டாட்டில் யூடிபி புள்ளிவிவரத்தைக் கேட்டால் ‘ரிசீவ் பஃபர் எரர்ஸ்’ என்று ஒரு வரி வரும். ரோபோவைப் பத்து வினாடி ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள், அந்த எண் ஏறியிருந்தால் குற்றவாளி லேப்டாப்தான். பெறுவதற்கு ஒரு த்ரெட், அச்சிடுவதற்கு வேறு த்ரெட் என்று பிரியுங்கள்.

இதையெல்லாம் தாண்டிய பிறகுதான் காற்று. ரோபோ பக்கம் சிக்னல் அளவைப் படித்து லாக்கிலேயே சேர்த்து அனுப்புங்கள். −65 டிபிஎம் (சிக்னல் அளவின் அலகு, பூஜ்ஜியத்திலிருந்து விலக விலக பலவீனம்) வரை நிம்மதி, −75ஐத் தாண்டினால் விடுபட ஆரம்பிக்கும், −80க்குக் கீழே எதையும் எதிர்பார்க்காதீர்கள். சிக்னல் நன்றாக இருந்தும் விடுபடுகிறது என்றால் சேனலில் நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றை மட்டும் எடுங்கள், 3 அல்லது 8 போட்டால் இரண்டு பக்கத்து இரைச்சலும் வந்து சேரும். கருவி 5 கிகாஹெர்ட்ஸ் பேசும் என்றால் அங்கே போய்விடுங்கள். சாதாரண ஈஎஸ்பி32க்கு அந்த வாய்ப்பு இல்லை, அது 2.4 மட்டும்தான்.

ரோபோமேல் யூஎஸ்பி 3 கேமராவோ ஹார்டு டிஸ்க்கோ இருக்கிறதா? அந்த இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இரைச்சல் கிளப்பும், 2012இல் இன்டெல்லே இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. கேமராவைப் பிடுங்கிவிட்டு எண் தாவுவது நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ஆண்டெனாவைத் தள்ளி வையுங்கள், கவசமுள்ள நல்ல கேபிள் போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் தீரவில்லை, இடமும் பெரிய கிடங்கு, ஆக்சஸ் பாயிண்ட் நாலைந்து என்றால், ரோபோ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது விழும் இடைவெளியை நீங்கள் கோடில் சரிசெய்ய முடியாது. அது வயர்லெஸ் சர்வே செய்பவரின் வேலை. அவரிடம் வரிசை எண் தாவிய நேரங்களையும் அப்போதைய சிக்னல் அளவையும் கொடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அறிகுறி 4: தொலையவில்லை, ஆனால் கொத்துக்கொத்தாக வருகிறது

அரை வினாடி மௌனம், அப்புறம் முப்பது வரி ஒன்றாகக் கொட்டும். இரண்டு பேரைத்தான் பிடிக்க வேண்டும்.

ஒருவர், வைஃபையின் மின்சேமிப்பு. ஈஎஸ்பி32இல் இது வழக்கமாக ஆன்தான், ஸ்லீப்பை அணைக்கும் ஃபங்ஷனை இணைந்தவுடன் அழையுங்கள். ராஸ்பெர்ரி பை என்ற சின்ன லினக்ஸ் கணினியில் ஐடபிள்யூ கட்டளையால் பவர் சேவ் வசதியை ஆஃப் செய்யலாம், ஆனால் ரீபூட்டுக்குப் பிறகு மறுபடி ஆன் ஆகிவிடும், அதனால் பூட் ஸ்கிரிப்டில் போட்டு வையுங்கள். லேப்டாப்பும் பேட்டரியில் ஓடும்போது இதே வேலையைச் செய்யும்.

இன்னொருவர், ஸ்டாண்டர்ட் அவுட்புட் பஃபர். புரோகிராம் டெர்மினலில் நேராக ஓடும்போது வரிக்கு வரி வரும். அதையே பைப் வழியாக இன்னொரு புரோகிராமுக்குத் தள்ளினால் சில கிலோபைட் சேரும்வரை ஒன்றும் வெளியே வராது. பைத்தானில் மைனஸ் யூ என்ற ஆப்ஷனோடு ஓட்டுங்கள், அல்லது பிரிண்டிலேயே ஃப்ளஷ் கேளுங்கள். ஒரு ரோபோவுக்கு மூன்று நாள் வைஃபை சோதனை செய்துவிட்டு, கடைசியில் இந்த ஒற்றை ஆப்ஷனில் முடித்துவைத்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. வரிசை எண் அப்போது போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

யூடிபி வேண்டாம் என்று டிசிபிக்கு (தொலைந்ததை மறுபடி அனுப்பும் முறை) மாறியவர்களுக்கும் கொத்தாகத்தான் வரும். ஒரு பாக்கெட் தொலைந்தால் அது மறுபடி வரும்வரை பின்னால் வந்ததெல்லாம் வரிசையில் நிற்கும். அது கோளாறல்ல, டிசிபியின் சுபாவம். ஒன்றுகூடத் தொலையக் கூடாது என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 5: நீளமான செய்திகள் மட்டும் காணோம்

1472 பைட்டைத் தாண்டிய யூடிபி செய்தி வழக்கமான நெட்வொர்க்கில் துண்டுகளாக உடையும், அதில் ஒரு துண்டு தொலைந்தாலும் முழுச் செய்தியும் போச்சு. 1400க்குள் நிறுத்துங்கள், பெரியதை நீங்களே வெட்டி எண் போட்டு அனுப்புங்கள். பெறும் பக்கம் 1024 பைட் பஃபர் என்று எழுதி வைத்திருந்தால், மீதி வெட்டுப்படும். அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 6: மோட்டார் சுற்றினால் மட்டும் தொலைகிறது

மேஜைமேல் எல்லாம் கச்சிதம், தரையில் விட்டால் போச்சு. இங்கே கோடைத் தொடாதீர்கள், கம்பியைத் தொடுங்கள்.

முதலில் எண் 0க்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால், மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தில் மின்னழுத்தம் சரிந்து கண்ட்ரோலர் ரீசெட் ஆகிறது. ஈஎஸ்பி32 என்றால் யூஎஸ்பி கேபிளை மாட்டி வைத்துக்கொண்டு ஓட்டுங்கள் என்று சொல்லத் தோன்றும், ஆனால் அந்தக் கேபிளே மின்சாரம் கொடுத்துக் கோளாறை மறைத்துவிடும். கேபிளில் 5 வோல்ட் கம்பியைத் துண்டித்துவிட்டு கிரவுண்டும் டேட்டாவும் மட்டும் இணைத்தால் ‘பிரவுன்அவுட்’ (மின்னழுத்தம் சரிந்தது) என்ற வரி சீரியலில் தெரியும். ராஸ்பெர்ரி பை சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் குறித்து வைத்துக்கொள்ளும், கெட் த்ராட்டில்டு என்ற கட்டளையில் கேட்டால் பூஜ்ஜியம் வர வேண்டும், வேறு எண் வந்தால் மின்சாரமாகவோ சூடாகவோ இருக்கலாம், அதில் 0 அல்லது 16ஆம் பிட் ஏறியிருந்தால் மின்சாரம்தான்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 5 வோல்ட் சரியாக இருக்கிறது என்பார்கள். அந்தச் சரிவு சில மில்லி வினாடிதான், சாதாரண மீட்டர் அதைப் பார்க்கவே பார்க்காது. ஆசிலோஸ்கோப் இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது எளிய வழி: கண்ட்ரோலருக்கும் ரேடியோவுக்கும் மட்டும் தனி பேட்டரி கொடுங்கள், கிரவுண்டை மட்டும் சேர்த்துவிடுங்கள். கோளாறு மறைந்தால் தீர்ப்பு வந்துவிட்டது.

அதன்பின் செலவு வரிசையில்: டெர்மினல் திருகுகளை இறுக்குவது, தளர்ந்த கிரிம்ப்பை மாற்றுவது, தடித்த கம்பி, ரெகுலேட்டரின் வெளிவாயில் அருகில் 470 முதல் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், கடைசியாகத் தனி ரெகுலேட்டர். ஒருமுறை ரெகுலேட்டர் பலகையில் பச்சை நிற டெர்மினலுக்குள் கம்பியின் செப்பு இழைகளுக்குப் பதில் பிளாஸ்டிக் உறையைத்தான் திருகு கடித்துக்கொண்டிருந்தது, இரண்டு மூன்று இழை மட்டும் ஓரத்தில் தொட்டுக்கொண்டிருந்தன. விரலால் அழுத்தினால் லாக் வரும், எடுத்தால் போகும்.

எண் திரும்பவில்லை, வெறுமனே தாவுகிறது என்றால் மோட்டாரின் இரைச்சல் அல்லது ஆண்டெனா. பிரஷ் மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் வையுங்கள், மோட்டார் கம்பிகளை முறுக்கி ஆண்டெனாவிலிருந்து விலக்குங்கள். அலுமினியப் பெட்டிக்குள் ஆண்டெனாவை வைத்துவிட்டுச் சிக்னல் இல்லை என்று அழாதீர்கள், கார்பன் ஃபைபரும் அப்படித்தான். ரோபோவை நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிச் சிக்னல் அளவைக் குறியுங்கள். ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் விழுந்தால் ரோபோவின் உடம்பே மறைக்கிறது, ஆண்டெனாவை உச்சிக்கு ஏற்றுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால், கம்பி உறை இளகியிருந்தால், கருகல் வாசனை வந்தால் லாக்கை மறந்துவிடுங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, தெரிந்த எலக்ட்ரிக்கல் ஆளைக் கூப்பிடுங்கள். லித்தியம் பேட்டரியில் ‘இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்போம்’ என்பது கிடையாது.

அறிகுறி 7: எல்லாம் நன்றாக ஓடும், திடீரென்று ஒரு நிமிடம் முழு மௌனம்

5 கிகாஹெர்ட்ஸில் சில சேனல்கள் ரேடாருடன் பகிரப்பட்டவை. ரேடார் மாதிரி ஏதாவது கேட்டால் ஆக்சஸ் பாயிண்ட் அந்தச் சேனலைக் காலி செய்தாக வேண்டும், அதேபோன்ற இன்னொரு சேனலுக்குப் போனால் குறைந்தது 60 வினாடி காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். ரவுட்டரின் லாக்கில் இது பதிவாகியிருக்கும். சேனலை 36 முதல் 48 வரையுள்ள ஒன்றில் நிலையாக வையுங்கள்.

அறிகுறி 8: க்ராஷுக்கு முந்தைய கடைசி வரி மட்டும் இல்லை

மிகவும் எரிச்சலானது இதுதான். மோட்டாரை நிறுத்தப் போகிறேன் என்று வந்தது, நிறுத்தினேன் என்று வரவில்லை, எங்கே செத்தது? நம்பிவிடாதீர்கள். கடைசியாக வந்த வரிக்கு அப்புறம் இன்னும் நாலு வரி எழுதப்பட்டு, பஃபரில் உட்கார்ந்திருந்து, ரேடியோவில் ஏறும் முன்பே ரோபோவோடு சேர்ந்து செத்திருக்கலாம். வந்த கடைசி வரிக்கு அடுத்த வரியில் பிழை என்று முடிவு கட்டி, தப்பே இல்லாத கோடைத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

சேர்த்து அனுப்பும் முறைக்கு மாறியிருந்தால் (அறிகுறி 3) இது இன்னும் மோசமாகும், எனவே பிழை மட்டத்துச் செய்திகளைச் சேர்த்து வைக்காமல் உடனே அனுப்புங்கள். நம் கோடே ரீசெட் செய்யும் இடங்களில், ரீசெட்டுக்கு முன் 200 மில்லி வினாடி காத்திருக்கச் சொல்லுங்கள். ஆனால் உண்மையான க்ராஷ் காத்திருக்காது. அதற்கு, ரீசெட்டில் அழியாத நினைவகத்தில் கடைசி ஐம்பது வரியை எழுதிக்கொண்டே வந்து, மறுபடி பூட் ஆனதும் முதல் வேலையாக அனுப்ப வேண்டும். ஈஎஸ்பி32இல் ஆர்டிசி நினைவகம் வாட்ச்டாக் ரீசெட்டை (கோட் உறைந்துவிட்டால் ஒரு டைமர் தானாகச் செய்யும் ரீசெட்) தாங்கும், மின்சாரம் போனால் தாங்காது. மின்சாரமும் போகிறது என்றால் ஃப்ளாஷில் கோர் டம்ப் (க்ராஷ் ஆன நேரத்து நினைவகத்தின் நகல்) அல்லது எஸ்டி கார்டு. லினக்ஸ் பலகை என்றால் ஜர்னலை (லினக்ஸின் சொந்த லாக்) வட்டில் நிலையாகச் சேமிக்கும்படி அமைத்துவிட்டு, அடுத்த பூட்டில் முந்தைய பூட்டின் ஜர்னலைக் கேட்டுப் பாருங்கள்.

லாக் வரி சேர்த்தால் க்ராஷ் மறைகிறது, எடுத்தால் வருகிறது என்ற நிலையும் உண்டு. 115200 பாட் சீரியலில் 100 எழுத்து போக கிட்டத்தட்ட 9 மில்லி வினாடி ஆகும், அந்தத் தாமதமே த்ரெட்டுகளின் ஓட்டத்தை மாற்றிவிடுகிறது. அங்கே லாக்கை விட்டுவிட்டு, சந்தேகமான ஒவ்வொரு இடத்திலும் கண்ட்ரோலரின் ஒரு பின்னை ஏற்றி இறக்கி லாஜிக் அனலைசரில் (பின்களின் ஏற்ற இறக்கத்தைப் பதியும் கருவி) பாருங்கள். எட்டுப் பின் போதும். எந்தப் பின் கடைசியாக ஏறி இறங்காமல் நிற்கிறதோ, அந்த இடத்தில்தான் செத்திருக்கிறது.